எம்ஆர்ஐ படத்தைப் பார்த்து ஹெர்2 சொல்ல முடியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54, எடை 60 கிலோ. இடது மார்பில் கட்டி. கோர் பயாப்ஸியில் ‘இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 3’ என்று வந்திருக்கிறது. ஈஆர் 70%, பிஆர் 20%, கேஐ-67 35%, ஹெர்2 2+. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்ஆர்ஐயும் எடுத்தோம். ‘2.9 செ.மீ. ஒழுங்கற்ற மாஸ், ஸ்பிகுலேட்டட் விளிம்பு, டைப் 3 கர்வ். அதிலிருந்து 3 செ.மீ. தள்ளி 8 மி.மீ. அளவில் இன்னொரு மாஸ்’ என்று ரிப்போர்ட் சொல்கிறது. இப்போது டாக்டர் ஃபிஷ் என்று ஒரு பரிசோதனை கேட்கிறார். ஒன்பதாயிரம் ரூபாய், பத்து நாள் ஆகும் என்கிறார்கள். எம்ஆர்ஐ படத்தை வைத்தே ட்யூமர் மார்க்கர்களை ஏஐ 89 சதவீதம் துல்லியமாகச் சொல்லிவிடும் என்று படித்தேன். நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். எம்ஆர்ஐ பதிவான சிடி தட்டில் இருக்கும் படங்களை அப்படி ஒரு கருவியில் போட்டுப் பார்த்துவிட்டு ஃபிஷ்ஷைத் தவிர்க்கலாமா? மறுபடி ஊசி குத்திச் சதை எடுப்பார்களோ என்று அம்மா பயப்படுகிறார்.
— ஒரு மகள், திண்டுக்கல்

பதில்: ஹெர்2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். அதற்காக மறுபடி ஊசி குத்த மாட்டார்கள் என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பயாப்ஸியில் எடுத்த சதை பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு, ‘பிளாக்’ என்ற பெயரில் லேபில் பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்துத்தான் ஃபிஷ் செய்வார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன அந்த 8 மி.மீ. மாஸ் இருக்கிறதே, அதற்கு அநேகமாக ஊசி தேவைப்படும். எம்ஆர்ஐ எடுத்ததன் உண்மையான பலன் அதில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். நம் ஊரில் ‘ட்யூமர் மார்க்கர்’ என்றால் பெரும்பாலும் ரத்தத்தில் பார்க்கும் சிஏ 15-3, சிஇஏ போன்றவற்றைத்தான் நினைக்கிறார்கள். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயில் சிகிச்சையை முடிவு செய்ய அவை உதவுவதில்லை. நீங்கள் படித்த கட்டுரை பேசுவது வேறு. கட்டியின் செல்லுக்குள்ளும் செல்லின் மேலும் இருக்கும் நான்கு அடையாளங்களைப் பற்றியது அது: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈஆர்), புரோஜெஸ்டிரோன் ஏற்பி (பிஆர்), ஹெர்2 புரதம், செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று காட்டும் கேஐ-67. அம்மாவுக்கு இவற்றில் மூன்றுக்கு விடை வந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஹெர்2 மட்டும்.

எம்ஆர்ஐ எதைப் பார்க்கிறது? அம்மாவின் கைநரம்பில் போட்டது காடோலினியம் கலந்த மருந்து. கிலோவுக்கு 0.1 மில்லிமோல் என்பது வழக்கமான அளவு. 60 கிலோ எடைக்கு 6 மில்லிமோல். அரை மோலார் மருந்தாக இருந்தால் 12 மி.லி., காடோபியூட்ரால் போன்ற ஒரு மோலார் மருந்தாக இருந்தால் 6 மி.லி. இதை விநாடிக்கு ஏறக்குறைய 2 மி.லி. வேகத்தில் மெஷினே செலுத்தும், பின்னாலேயே 20 மி.லி. உப்புநீரும் போகும். மருந்து போவதற்கு முன் ஒரு படம், போன பின் ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் நான்கைந்து படங்கள். காடோலினியம் தேங்கும் இடம் டி1 என்ற வகைப் படத்தில் வெள்ளையாக மின்னும்.

புற்றுக்கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் தனக்கென்று புது ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் கட்டிய அந்தக் குழாய்கள் ஒழுகும். மருந்து சட்டென்று உள்ளே பாய்ந்து, சட்டென்று வெளியேயும் வடிந்துவிடும். முதல் இரண்டு நிமிடத்தில் வெளிச்சம் முன்பிருந்ததைவிட 100 சதவீதத்துக்கு மேல் கூடினால் வேகமான ஏற்றம். அதன்பின் இன்னும் 10 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போனால் டைப் 1, ஏறாமல் இறங்காமல் நின்றால் டைப் 2, 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் டைப் 3. அம்மாவின் ரிப்போர்ட்டில் இருக்கும் ‘டைப் 3 கர்வ்’ இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. காடோலினியம் செல்லுக்குள் நுழைவதே இல்லை. ஹெர்2 புரதத்தோடு ஒட்டுவதும் இல்லை. குழாய்களிலும் செல்களுக்கு இடையே இருக்கும் இடைவெளியிலும்தான் அது உலவுகிறது. படத்தில் ஒரு கன மில்லிமீட்டர் புள்ளி என்றால், அதற்குள் சுமார் பத்து லட்சம் செல்கள் அடங்கியிருக்கும். ஆக, எம்ஆர்ஐ நமக்குக் காட்டுவது புகையை. என்ன விறகு எரிகிறது என்பதைப் புகையின் நிறத்திலிருந்து ஊகிக்கலாம், சில சமயம் நன்றாகவே ஊகிக்கலாம். அடுப்பைத் திறந்து பார்ப்பதற்கு அது ஈடாகாது.

ஊகத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லவில்லை. ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றுமே இல்லாத ட்ரிபிள் நெகட்டிவ் கட்டிகள் பல சமயம் உருண்டையாக, வழவழப்பான விளிம்போடு, ஓரம் மட்டும் வளையம்போல் மின்னும். நடுவில் செத்த திசு இருப்பதால் டி2 என்ற இன்னொரு வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். சுற்றிலும் நீர்க்கோப்பு இருக்கும். அசட்டையாகப் பார்த்தால் சாதாரணக் கட்டி என்று ஏமாற்றக்கூடியவை இவை. மெதுவாக வளரும், ஈஆர் பாசிட்டிவும் ஹெர்2 நெகட்டிவும் ஆன லூமினல் ஏ வகை, முள்முள்ளான (ஸ்பிகுலேட்டட்) விளிம்போடு சுற்றியுள்ள திசுவை இழுத்துச் சுருக்கியிருக்கும். ஹெர்2 பாசிட்டிவ் கட்டிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருப்பது, பால்நாளங்கள் வழியாகத் திட்டுத்திட்டாகப் பரவியிருப்பது, வேகமாக மின்னி வடிவது எல்லாம் கொஞ்சம் அதிகம். நீர்மூலக்கூறுகளின் அசைவை அளக்கும் டிஃப்யூஷன் படத்திலும் சிறு வித்தியாசம் உண்டு: ஈஆர் பாசிட்டிவ் கட்டிகளில் அந்த அசைவைக் குறிக்கும் ஏடிசி எண் சற்றுக் குறைவாகவும், ஹெர்2 பாசிட்டிவில் சற்று அதிகமாகவும் இருக்கும் போக்கு பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் இரண்டு கூட்டத்தின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். கேஐ-67க்கும் ஏடிசிக்கும் உள்ள உறவு இன்னும் பலவீனம்.

இந்தக் குறிப்புகளை அம்மாவின் ரிப்போர்ட்டில் பொருத்திப் பாருங்கள். ஸ்பிகுலேட்டட் விளிம்பு ‘ஹெர்2 நெகட்டிவ்’ பக்கம் இழுக்கிறது. டைப் 3 கர்வும் இரண்டாவது மாஸும் ‘பாசிட்டிவ்’ பக்கம் இழுக்கின்றன. கிரேடு 3, கேஐ-67 35% என்று வந்த கட்டி, ஹெர்2 எப்படி இருந்தாலும் டைப் 3 கர்வைக் காட்டக்கூடியதுதான். பத்து ஆண்டு அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட்டிடம் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்.

‘மனிதக் கண்ணுக்குத் தெரியாததை ஏஐ பார்க்குமே’ என்று உங்களுக்குத் தோன்றும். அந்தத் துறைக்கு ரேடியோமிக்ஸ் என்று பெயர். கட்டியின் எல்லையை வரைந்து, அதற்குள் இருக்கும் புள்ளிகளின் வெளிச்சம், சொரசொரப்பு, உருவம், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் விதம் எல்லாவற்றையும் நூற்றுக்கணக்கான எண்களாக்கி, அவற்றோடு லேப் ரிசல்ட்டைச் சேர்த்துக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பார்கள்.

நீங்கள் படித்த 89 அநேகமாக 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்திருக்கும். 91 பெண்களின் படங்களை வைத்துச் செய்தது. அதில் 0.89 என்பது ஈஆர் பாசிட்டிவா நெகட்டிவா என்று பிரிப்பதற்குக் கிடைத்த எண். அதே ஆய்வில் பிஆருக்கு 0.69, ட்ரிபிள் நெகட்டிவைப் பிரிக்க 0.67, ஹெர்2க்கு 0.65. அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்ட ஈஆருக்குத்தான் அந்த மின்னும் எண். உங்களுக்கு வேண்டிய ஹெர்2க்கு வந்தது மிகக் குறைந்த எண்.

இன்னொன்று, இது துல்லியச் சதவீதமும் அல்ல. ஏயூசி என்ற அளவு. ஹெர்2 பாசிட்டிவ் ஒருவர், நெகட்டிவ் ஒருவர் என இரண்டு பேரை எடுத்துக்கொண்டால், பாசிட்டிவ் ஆனவருக்குக் கருவி அதிக மதிப்பெண் கொடுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்பதுதான் அது. காசைச் சுண்டினாலே 0.5 கிடைக்கும். 0.65 என்றால் காசைவிடக் கொஞ்சம் மேல்.

2018-ல் டியூக் பல்கலைக்கழகம் 922 நோயாளிகளை வைத்து, 529 அளவீடுகளோடு இதையே செய்தது. ஈஆருக்கு 0.65, பிஆருக்கு 0.62, லூமினல் ஏ வகைக்கு 0.70, ட்ரிபிள் நெகட்டிவுக்கு 0.65 என்ற அளவில்தான் வந்தது. ஆள் எண்ணிக்கை பத்து மடங்கு கூடியதும் ஈஆரின் 0.89 எங்கே போனது பாருங்கள். மென்பொருள் துறையில் இருக்கும் உங்களுக்கு இது புதிதாக இருக்காது. அளவீடுகள் நூற்றுக்கணக்கில், ஆட்கள் சில டஜன் என்றால் கணினி பாடத்தைப் புரிந்துகொள்வதில்லை, மனப்பாடம் செய்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆழ்கற்றல் முறைகளில் இதைவிட உயர்ந்த எண்களோடு பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. அப்படி ஒன்றைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். சோதித்துப் பார்த்த நோயாளிகள் வேறொரு ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்களா? எந்த அளவீடுகளை வைத்துக்கொள்வது என்ற தேர்வு, சோதனைக் கூட்டத்தைத் தனியே பிரித்த பிறகு நடந்ததா, அதற்கு முன்பே நடந்ததா? ஹெர்2 2+ நோயாளிகளை என்ன செய்தார்கள்?

மூன்றாவது கேள்வி அம்மாவுக்கு நேரடியாகப் பொருந்துவது. ஃபிஷ் செய்யப்படாத 2+ நோயாளிகளை ஆய்விலிருந்தே நீக்கிவிடுவது வழக்கம், ஏனென்றால் அவர்களுக்குச் சரியான விடை என்னவென்று தெரியாது. ஃபிஷ் செய்யப்பட்ட 2+ நோயாளிகளை வைத்துக்கொண்டால், கணினிக்கு விடைத்தாளாகக் கொடுப்பதே அந்த ஃபிஷ் ரிசல்ட்தான். விடைத்தாளைப் பார்த்து எழுதப் பழகிய கருவியை நம்பி விடைத்தாளையே வேண்டாம் என்று தள்ள நினைக்கிறீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் கற்பனைதான், ஆனால் அம்மாவின் நிலைக்குப் பொருந்தும். ஹெர்2 2+ என்று வந்த 100 பெண்கள். அவர்களில் 20 பேருக்கு ஃபிஷ்ஷில் பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். பாசிட்டிவ் ஆனவர்களில் 70 சதவீதத்தையும், நெகட்டிவ் ஆனவர்களில் 70 சதவீதத்தையும் சரியாகச் சொல்லும் ஒரு கருவி கையில் இருக்கிறது. இது 0.65-ஐவிட நல்ல கருவி. அது 20-ல் 14 பேரைப் பிடிக்கும், 6 பேரை விட்டுவிடும். மீதி 80 பேரில் 24 பேரைத் தவறாகப் ‘பாசிட்டிவ்’ என்று சொல்லும். அது பாசிட்டிவ் என்று சொன்ன 38 பேரில் உண்மையானவர்கள் 14. இந்த 24 பேரும் தேவையில்லாமல் ஓராண்டுக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஹெர்2-ஐக் குறிவைக்கும் ட்ராஸ்டுஜுமாப் ஊசி போட்டுக்கொள்வார்கள். இதயம் பலவீனப்படுகிறதா என்று எக்கோ எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த 6 பேருக்கோ, அவர்கள் நோயின் போக்கையே மாற்றக்கூடிய மருந்து கைக்கு எட்டாமல் போகும். ஒன்பதாயிரம் ரூபாயை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

கருவியை அம்மாவின் படத்தில் போடுவதில் நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. எம்ஆர்ஐயில் வரும் வெளிச்சத்துக்கு சிடி ஸ்கேனில் இருப்பதுபோல் நிலையான அளவுகோல் கிடையாது. அதே கட்டியை வேறு கம்பெனி மெஷினில், 1.5 டெஸ்லா காந்த வலிமைக்குப் பதில் 3 டெஸ்லாவில் எடுத்தால் எண்கள் மாறும். மருந்து செலுத்திய வேகம், முதல் படம் 60-வது விநாடியில் எடுத்ததா 120-வது விநாடியில் எடுத்ததா என்பதைப் பொறுத்துக் கர்வே மாறும். கவிழ்ந்து படுத்திருக்கும்போது முதல் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் சற்று அசைந்தால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து எடுக்கும் படத்தில் பொய்யான வெள்ளை ஓரம் விழும். கணினி அதை வளையம் என்று எடுத்துக்கொள்ளும். கொழுப்பை மறைக்கும் நுட்பம் ஒரு மூலையில் சரியாக வேலை செய்யாவிட்டாலும் இதே கதைதான். பயாப்ஸிக்குப் பிறகு எடுத்த எம்ஆர்ஐ என்றால், ஊசி போன தடத்தில் உறைந்த ரத்தம் மருந்து போடுவதற்கு முன்பே டி1 படத்தில் வெள்ளையாக இருக்கும். கட்டியின் எல்லையை நீங்கள் ஒருவிதமாக வரைவீர்கள், நான் ஒருவிதமாக வரைவேன். சொரசொரப்பு எண்கள் அதிலேயே ஆடிப்போகும். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு இன்னொரு தொல்லை: சாதாரண மார்பகத் திசுவும் மின்னும். அதனால்தான் அவசரம் இல்லாதபோது சுழற்சியின் 7-ம் நாளுக்கும் 14-ம் நாளுக்கும் இடையில் எடுக்கச் சொல்கிறோம்.

இனி ஃபிஷ். ஐஎச்சி என்ற முதல் பரிசோதனை, செல்லின் மேலுறையில் ஹெர்2 புரதம் எவ்வளவு என்று சாயம் ஏற்றிப் பார்க்கிறது. 0, 1+ என்றால் நெகட்டிவ். பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் மேலுறை முழுவதும் அழுத்தமாகச் சாயம் ஏறியிருந்தால் 3+, பாசிட்டிவ். மேலுறை முழுக்க ஏறியும் சாயம் மங்கலாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் 2+. அதாவது ‘என்னால் சொல்ல முடியவில்லை’ என்று பதில் வந்திருக்கிறது. அப்போது புரதத்தை விட்டுவிட்டு அதை உண்டாக்கும் மரபணுவையே எண்ணுவதுதான் ஃபிஷ். 17-வது குரோமோசோமில் இருக்கும் ஹெர்2 மரபணுவுக்கு ஒரு நிறம், அந்தக் குரோமோசோமின் நடுப்பகுதிக்கு இன்னொரு நிறம். குறைந்தது 20 செல்களில் புள்ளிகளை எண்ணுவார்கள். இரண்டின் விகிதம் 2.0 அல்லது அதற்கு மேல், செல்லுக்குச் சராசரியாக 4.0 அல்லது அதற்கு மேல் ஹெர்2 புள்ளிகள் என்றால் பாசிட்டிவ். விகிதம் 2.0-க்குக் கீழ், புள்ளிகள் 4.0-க்குக் கீழ் என்றால் நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவில் சிக்கும் சிலருக்கு ஐஎச்சி ஸ்லைடோடு சேர்த்து இன்னொருவர் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டிவரும். ஆகவே ரிப்போர்ட்டில் வெறும் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ மட்டும் போதாது; விகிதமும் சராசரியும் எத்தனை செல்கள் எண்ணப்பட்டன என்பதும் எழுதியிருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

லேப் பரிசோதனையும் தவறே செய்யாதது அல்ல. சதையை எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போட வேண்டும்; 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் அதில் ஊற வேண்டும். சிறிய ஊரில் பயாப்ஸி எடுத்து, பஸ் பார்சலில் பெரிய ஊர் லேபுக்கு அனுப்பும்போது இந்த நேரம்தான் முதலில் கோட்டைவிடப்படுவது. குறைவாக ஊறினால் சாயம் சரியாகப் பிடிக்காது; அளவுக்கு மீறிக் கிடந்தால் புரதம் மறைந்துபோகும், ஃபிஷ்ஷில் புள்ளிகள் மங்கும். ஃபிஷ் லேபுக்குச் சீவல்களை அனுப்புவதானால் புதிதாகச் சீவியவையாக இருக்கட்டும். ஆறு வாரத்துக்கு மேல் கிடந்தவை வேண்டாம். முடிந்தால் பிளாக்கையே அனுப்பச் சொல்லுங்கள். கூடவே ஐஎச்சி ஸ்லைடும் பயாப்ஸி ரிப்போர்ட் நகலும் போக வேண்டும். புற்றுச் செல் பரவியிருக்கும் இடத்தைத்தான் எண்ண வேண்டும். பால்நாளத்துக்குள் அடங்கிய பகுதியை எண்ணினால் விடை பிசகும். வேலை முடிந்ததும் பிளாக்கைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த விடையை நம்பி என்ன முடிவு காத்திருக்கிறது தெரியுமா? முதலில் ஆபரேஷனா, முதலில் மருந்தா என்பதே. கட்டி 2 செ.மீ.யைத் தாண்டிவிட்டது. ஹெர்2 பாசிட்டிவ் என்று வந்தால், பெரும்பாலும் கீமோவோடு ட்ராஸ்டுஜுமாபையும் (வசதியும் வாய்ப்பும் இருந்தால் பெர்டுஜுமாபையும்) முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்வதையே புற்றுநோய் மருத்துவர்கள் விரும்புவார்கள். மருந்துக்குக் கட்டி எவ்வளவு கரைந்தது என்று பார்த்து அடுத்த மருந்தை முடிவு செய்ய முடியும் என்பது அதிலுள்ள லாபம். நெகட்டிவ் என்று வந்தால் கதை வேறு: ஈஆர் 70% இருப்பதால் ஹார்மோன் மாத்திரை உண்டு, கீமோ வேண்டுமா என்பது அக்குள் நெறிக்கட்டி, கிரேடு, கேஐ-67 எல்லாவற்றையும் சேர்த்துப் பேச வேண்டியது. 2+ வந்து ஃபிஷ் நெகட்டிவ் ஆனவர்களை இப்போது ‘ஹெர்2 லோ’ என்று தனியாகக் குறிக்கிறார்கள். 2022-க்குப் பிறகு, நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் அவர்களுக்கென்று ஒரு மருந்து, ட்ராஸ்டுஜுமாப் டெரக்ஸ்டெகான், வந்திருக்கிறது. அம்மாவுக்கு இன்று அது தேவையில்லை. ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பதறாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன். ஃபிஷ் வருவதற்கு முன் யாராவது ‘சீக்கிரம் ஆபரேஷனை முடித்துவிடலாம்’ என்றால், பத்து நாள் பொறுக்கச் சொல்லுங்கள். இந்தப் பத்து நாளால் கெடுதல் வராது.

இப்போது அந்த 8 மி.மீ. மாஸுக்கு வருவோம். பயாப்ஸி ஊசி போனது பெரிய கட்டிக்குள் மட்டும். இரண்டாவது மாஸ் என்னவென்று யாருக்கும் தெரியாது. புற்றல்லாத சாதாரணக் கட்டியான ஃபைப்ரோஅடினோமாவாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். எம்ஆர்ஐ நிறையப் பிடிக்கும். பிடிப்பதெல்லாம் புற்று அல்ல. அதன் பலமும் பலவீனமும் அதுதான். இது புற்று என்று தெரிந்தால் மூன்று விஷயம் மாறும். 3 செ.மீ. இடைவெளியில் இரண்டையும் ஒரே துண்டாக எடுத்து மார்பைக் காப்பாற்ற முடியுமா என்ற கணக்கு மாறும். மருந்து முதலில் என்றால் கட்டி சுருங்கினாலும் இடம் தெரிவதற்காக இரண்டு இடத்திலும் அடையாளக் கிளிப் வைக்க வேண்டிவரும். கடைசியாக, இரண்டு கட்டிக்கும் ஒரே மார்க்கர் இருக்கும் என்று உறுதி கிடையாது. ஒன்று ஹெர்2 நெகட்டிவாகவும் மற்றது பாசிட்டிவாகவும் இருப்பது அபூர்வம் என்றாலும் நடப்பதுதான். நீங்கள் ஏஐயிடம் எதிர்பார்த்த உதவியை எம்ஆர்ஐ இந்த வழியில்தான் செய்கிறது: மார்க்கரைச் சொல்லாது, எங்கே ஊசி வைத்துக் கேட்க வேண்டும் என்று காட்டும்.

வழி இதுதான். எம்ஆர்ஐ படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தைக் குறிவைத்து மறுபடி ஒரு அல்ட்ராசவுண்ட் செய்யச் சொல்லுங்கள். ‘செகண்ட் லுக்’ என்றால் அவர்களுக்குப் புரியும். கவிழ்ந்து படுத்து எடுத்த எம்ஆர்ஐயில் தெரிந்த இடம், மல்லாந்து படுக்கும்போது நகர்ந்துவிடும். ஆகவே காம்பிலிருந்து எத்தனை செ.மீ., தோலிலிருந்து எவ்வளவு ஆழம், பெரிய கட்டிக்கு எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் தேட வேண்டும். மாஸாகத் தெரியும் இடங்களில் பாதிக்கு மேல் இப்படிக் கிடைத்துவிடும். கிடைத்தால் மரத்துப்போக ஊசி போட்டு 14 கேஜ் ஊசியால் நாலைந்து துண்டு எடுப்பது அரை மணி நேர வேலை. கிளிப்பையும் அப்போதே வைத்துவிடலாம். கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள், எம்ஆர்ஐக்குள்ளேயே வைத்து எடுக்கும் பயாப்ஸி சில பெரிய மையங்களில் உண்டு. அக்குளில் நெறி பெரிதாக இருக்கிறதா என்பதையும் அதே நாளில் அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடுங்கள். பெரிதாக இருந்தால் அதிலிருந்தும் ஊசியால் கொஞ்சம் எடுப்பார்கள். அம்மாவிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்: ஹெர்2க்காக ஊசி இல்லை, இன்னொரு இடத்துக்காக ஒன்று தேவைப்படலாம் என்று.

வலது மார்பைப் பற்றி ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு பக்கம் புற்று உள்ள, மறுபக்கம் மாமோகிராமிலும் கைப்பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாத 969 பெண்களுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. அவர்களில் 3.1 சதவீதம் பேருக்கு மறுபக்கத்திலும் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. அம்மாவுக்கு ‘வலது பக்கம் நார்மல்’ என்று ஒரு வரி இருந்தால், நீங்கள் கொடுத்த எம்ஆர்ஐ பணத்தில் ஒரு பங்கு அதற்கே சரியாகப் போயிற்று. மருந்து முதலில் என்று முடிவானால் இந்த எம்ஆர்ஐதான் தொடக்கக் கணக்கு. நடுவிலும் முடிவிலும் மறுபடி எடுத்துக் கட்டியின் கன அளவு எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். அதே மெஷினில், அதே மருந்து அளவில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். ஒவ்வொரு முறையும் கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரக வடிகட்டும் அளவான இ-ஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழ் போனால் காடோலினியம் போடும் முன் யோசிக்க வேண்டும்.

மார்க்கர் கணிப்புக்குத் தினசரி வேலையில் ஓரளவு பயன் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எம்ஆர்ஐ தோற்றமும் லேப் ரிசல்ட்டும் நேர் எதிராக நின்றால் சந்தேகம் எழுப்பும் மணியாக அது உதவும். லேப் ‘ட்ரிபிள் நெகட்டிவ்’ என்கிறது, படத்திலோ மெதுவாக மின்னும் முள்முள்ளான சிறு கட்டி என்றால், ‘ஃபார்மலினில் ஊறிய நேரம் சரிதானா, பிளாக் மாறிவிட்டதா, ஊசி சரியான இடத்துக்குத்தான் போனதா’ என்று ஒரு போன் போட்டுக் கேட்பது நல்ல வழக்கம். அம்மாவின் விஷயத்தில் அப்படி எந்த முரண்பாடும் இல்லை. ஈஆர் 70% என்பதற்கு ஸ்பிகுலேட்டட் விளிம்பு பொருத்தமாகவே இருக்கிறது.

அந்தச் சிடி தட்டில் உள்ள படங்களை எங்காவது அப்லோட் செய்வது பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்கேன் படங்கள் பதிவாகும் டைகாம் கோப்பு ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் அம்மாவின் பெயர், வயது, ஆஸ்பத்திரி எண், தேதி எல்லாம் இருக்கும். கோப்பின் பெயரை மாற்றினால் அவை அழியாது. விரல் துறுதுறுத்தால் டியூக்கின் அந்த 922 பேரின் படங்கள், பெயர் நீக்கப்பட்டு, ‘தி கேன்சர் இமேஜிங் ஆர்க்கைவ்’ தளத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி கிடைக்கின்றன. உங்கள் கையை அதில் பழக்குங்கள்.

ஃபிஷ் வரும் வரை செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக இருக்கின்றன. திங்கட்கிழமை பிளாக்கை அனுப்புங்கள். அதே வாரத்தில் செகண்ட் லுக் அல்ட்ராசவுண்டையும், தேவைப்பட்டால் பயாப்ஸியையும் முடியுங்கள். இரண்டாவது சதை எப்போது எடுக்கப்பட்டது, எப்போது ஃபார்மலினில் போடப்பட்டது என்று டப்பாவின் மேலேயே மணியோடு எழுதச் சொல்லுங்கள். அதற்கும் ஈஆர், பிஆர், ஹெர்2 தனியாகக் கேளுங்கள். ஒரு எக்கோவும் எடுத்து வைத்துக்கொண்டால், ட்ராஸ்டுஜுமாப் தேவை என்று வந்தாலும் அதற்காக இன்னொரு வாரம் போகாது. செலவு பற்றிக் கவலை என்றால், ஃபிஷ்ஷுக்கும் மருந்துக்கும் எது எது காப்பீட்டுத் திட்டத்தில் வரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் மருந்து தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். தொடங்கிய பிறகு கேட்டால் அலைச்சல் இரட்டிப்பு.